இரக்கத்துக்கு இலக்கணம் கண்ட அம்மையார்

(மூன்றாம் ஆண்டு, இளங்கலை வரலாறு)

கல்மண்டபம் நிறுத்தத்தில் பேருந்தைவிட்டு இறங்கி ராயபுரத்துக்குள் நடந்தால், மேற்கு மாதா சர்ச் சாலையில் அமைதியான கட்டடம் ஒன்றைக் காணலாம். அது பார்சி மக்களின் தீக்கோயில். தமிழகத்தில் அவர்களுக்கென உள்ள தீக்கோயில் அது ஒன்றுதான். 1910ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற அக்கோயிலைத் தம் பொருளால் எழுப்பியவர் பிரோஜ் கிளப்வாலா. இளம் வயதிலேயே மறைந்துபோன தம் மகன் ஜாலின் நினைவாக அவர் அதைக் கட்டினார். கோயில் இன்றும் அந்த மகனின் பெயரையே தாங்கி நிற்கிறது. பிற சமயத்தார் உள்ளே செல்வது அவர்கள் மரபில் இல்லை. ஆகவே, நம்மில் பலர் பள்ளிப் பருவம் முதல் அதன் சுவரையொட்டி நடந்து சென்றும், அது என்ன கட்டடம் என்று கேளாமலே வளர்ந்துவிட்டோம்.

கிளப்வாலா என்னும் அதே குடும்பப் பெயரைத் தாங்கிய பெண்மணி ஒருவரும் தம் துயரத்தைப் பொதுநலமாக மாற்றியவர். ஆதரவற்ற குழந்தைகளைப் பேணுவதற்கு இரங்கும் நெஞ்சம் மட்டும் போதாது, அதற்கெனக் கற்ற கல்வியும் வேண்டும் என்று சென்னைக்கு உணர்த்தியவர். அவர்தாம் மேரி கிளப்வாலா ஜாதவ் அம்மையார்.

அவரைப்பற்றி எழுத என்னைத் தூண்டியது ஒரு சிறு நிகழ்ச்சி. நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களாகிய நாங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை குழந்தைகள் இல்லம் ஒன்றுக்குச் சென்றோம். பிஸ்கட்டும் நோட்டுப் புத்தகமும் வழங்கினோம், பாடினோம், விளையாடினோம். புறப்படும் நேரத்தில் எட்டு வயது இருக்கக்கூடிய சிறுவன் ஒருவன் என் கையைப் பற்றிக்கொண்டு, அடுத்த ஞாயிறும் வருவோமா என்று கேட்டான். எங்களில் எவரும் விடை கூறவில்லை. அடுத்த ஞாயிறு நாங்கள் போகவும் இல்லை. பின்னொரு நாள் அவ்வில்லத்தின் காப்பாளர் அம்மாவைத் தெருவில் சந்தித்தேன். அவர் கோபமில்லாமல்தான் சொன்னார்: வருகிற எல்லாரிடமும் அவன் அதையே கேட்பானாம், விருந்தினர் வந்துபோன பிறகு இரண்டு மூன்று நாள் சரியாக உறங்கமாட்டானாம்.

அன்று முதல் ஒரு வினா என்னை உறுத்தியது. நாம் செய்தது நன்மையா? ஒரு குழந்தையின் வாழ்வு மாற வேண்டுமானால் அதற்கு என்னதான் தேவை? இவ்வினாவோடு நூலகத்தில் தேடியபோது கிடைத்ததே இவ்வம்மையாரின் வாழ்க்கை.

பிறப்பும் இழப்பும்

பார்சிகள் 1795ஆம் ஆண்டளவில் சென்னைக்கு வந்து ராயபுரத்தில் நிலம் வாங்கி வேரூன்றியவர்கள். எண்ணிக்கையில் என்றுமே அவர்கள் சில நூறு பேரைத் தாண்டியதில்லை எனலாம். அச்சிறு சமூகத்தைச் சேர்ந்த ருஸ்தம் பட்டேல், அல்லாமாய் தம்பதியரின் மகளாக 1909ஆம் ஆண்டில் உதகமண்டலத்தில் மேரி பிறந்தார். பதினெட்டு வயதளவில் நோகி கிளப்வாலாவை மணந்தார். 1930இல் குஸ்ரோ என்னும் மகன் பிறந்தான். ஐந்தே ஆண்டுகளில், 1935இல், கணவர் காலமானார். அப்போது மேரிக்கு இருபத்தாறு வயது.

இருபத்தாறு வயதில் கைம்மை; கையில் ஐந்து வயதுக் குழந்தை. அவர் வீட்டோடு முடங்கியிருந்தாலும் குறை கூறுவார் எவருமில்லை. ஆனால் அவர் வெளியே வந்தார். சென்னைப் பேராயர் வாலரின் துணைவியார் 1923இல் தொடங்கியிருந்த ‘கில்டு ஆப் சர்வீஸ்’ என்னும் சேவைச் சங்கத்தின் பணிகளில் ஈடுபட்டார். ஆங்கிலேயப் பெண்மணிகளின் முயற்சியால் எழுந்த அச்சங்கம், பின்னாளில் இவருடைய தலைமையில் இந்நாட்டு மண்ணில் ஆழ வேர்விட்டது. சிற்றோடையாக இருந்த அது, பல கிளை நிறுவனங்களைக் கொண்ட பேராறாகப் பெருகியது.

போர்க்காலத்துப் பள்ளி

1942ஆம் ஆண்டை வடசென்னையின் முதியவர்கள் மறந்ததில்லை. ஜப்பானியர் தாக்கக்கூடும் என்ற அச்சத்தால் அவ்வாண்டு ஏப்ரலில் நகரமே காலியாயிற்று. துறைமுகத்தை அடுத்த நம் பகுதியினர் மூட்டை முடிச்சுகளோடு உள்ளூர்களுக்கு ஓடினர். அதே ஆண்டில்தான் மேரி அம்மையார் இந்திய உபசரிப்புக் குழுவை அமைத்தார். சென்னை வழியே போர்முனைக்குச் செல்லும் இந்திய வீரர்களுக்கும், காயமுற்றுத் திரும்பியோருக்கும் ஆறுதல் தருவதே அதன் நோக்கம். உணவுச் சாலைகள், ஊர்திகளில் கொண்டு செல்லும் சிற்றுண்டி, மருத்துவமனைகளில் நலம் விசாரித்தல் எனப் பணிகள் விரிந்தன. பல சமயத்தையும் சேர்ந்த பெண்கள் இதற்காக வீட்டைவிட்டு வெளியே வந்தார்கள். பர்மாப் போர்முனையில் வென்ற பதினான்காம் படை, தான் கைப்பற்றிய ஜப்பானிய வாள் ஒன்றை நன்றியின் அடையாளமாக அவருக்கு அளித்தது.

வாள் பெற்றது பெருமை. ஆயினும் அதனினும் பெரிய பேறு, அப்பணி அவருக்குத் தந்த அனுபவம் என்றே நான் எண்ணுகிறேன். புகைவண்டி நின்று செல்லும் நேரத்தில் ஒரு வீரனுக்குத் தேநீர் தரலாம். சிரித்த முகத்தோடு வழியனுப்பலாம். அவனுக்கு அது போதும், அவன் பயணி. ஆனால் போர் முடிந்தபின் எஞ்சியவர்கள் யார்? கணவனை இழந்த பெண்கள், தந்தையை இழந்த பிள்ளைகள், பிழைக்க வழியின்றி நகரத்துக்கு வந்தவர்கள். இவர்கள் பயணிகள் அல்லர். இவர்களுக்கு ஒரு கோப்பைத் தேநீரும் ஒரு நாள் அன்பும் எப்படிப் போதும்?

கஞ்சித் தொட்டியும் காவல் மணியும்

அக்காலச் சென்னையில் தருமத்துக்குப் பஞ்சமில்லை. ஸ்டான்லி மருத்துவமனையை நம் பாட்டிமார்கள் கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி என்றே அழைத்தார்கள். 1782ஆம் ஆண்டுப் பஞ்சத்தின்போது பசித்தவர்க்குக் கஞ்சி வார்க்கத் தோன்றிய மணியக்காரர் சத்திரத்தின் நினைவே அப்பெயர். பசிக்குக் கஞ்சி வார்ப்பது அறத்துள் அறம், ஐயமில்லை. ஆனால் கஞ்சி குடித்த குழந்தை இரவில் எங்கே உறங்குகிறது, நாளை யாரிடம் போகும் என்று கேட்பதற்குத் தொட்டியருகே ஆள் இல்லை.

சட்டத்துக்கும் பஞ்சமில்லை. தவறிழைத்த சிறுவர்களுக்கெனச் செங்கற்பட்டில் 1887ஆம் ஆண்டிலேயே சீர்திருத்தப் பள்ளி ஏற்பட்டுவிட்டது. இந்தியாவிலேயே முதலாவதாகச் சிறுவர் சட்டம் இயற்றியது சென்னை மாகாணந்தான், ஆண்டு 1920. வங்காளம் 1922இலும் பம்பாய் 1924இலும் நம்மைப் பின்தொடர்ந்தன. சிறுவனைப் பெரியவர்களோடு சிறையில் அடைக்கலாகாது, அவனுக்கெனத் தனி நீதிமன்றமும் தனிப் பள்ளியும் வேண்டும் என்பது அச்சட்டங்களின் உயிர்நாடி.

ஆக, சட்டம் இருந்தது, கட்டடமும் இருந்தது. குழந்தையோடு இருக்கத் தெரிந்த ஆள்தான் போதவில்லை. தலைகளை எண்ணவும், மணியடிக்கவும், இரவில் கதவைப் பூட்டவும் ஆட்கள் கிடைப்பார்கள். ஆறு மாதமாகப் பேசாத சிறுமி ஏன் பேசவில்லை, மூன்று முறை ஓடிப்போன பையன் எதைத் தேடி ஓடுகிறான் என்று அறிவதற்குப் பயிற்சி வேண்டுமன்றோ? அது நல்ல மனம் மட்டுமே கைவரச்செய்யும் கலையன்று.

1952: ஒரு கல்விக்கூடம்

இக்குறையைத் தீர்க்கவே அம்மையார் 1952ஆம் ஆண்டில் சமூகப்பணிக் கல்விக்கூடம் ஒன்றை நிறுவ முன்னின்றார். இந்திய சமூகப்பணி மாநாட்டின் சென்னைக் கிளையும் கில்டு ஆப் சர்வீஸும் அதற்குத் துணை நின்றன. எழும்பூர் காசா மேஜர் சாலையில் இன்றும் சிறப்புற இயங்கும் ‘மெட்ராஸ் ஸ்கூல் ஆப் சோஷியல் ஒர்க்’ அதுவே. தென்னிந்தியாவில் இத்துறைக்கெனத் தோன்றிய முதல் கல்விக்கூடம் அது.

இக்கல்விக்கு உலகில் ஒரு வரலாறு உண்டு. அமெரிக்காவில் இன்னொரு மேரி, மேரி ரிச்மண்ட் என்னும் பெண்மணி, 1917இல் எழுதிய நூல் ஒன்று, துன்புறுவோரை அணுகுவதற்கும் ஒரு முறை உண்டு என்று நிறுவியது. மருத்துவர் நோயை ஆராய்வதுபோல, தொண்டரும் ஒருவரின் குடும்பம், பள்ளி, தொழில், சுற்றம் அனைத்தையும் ஆராய்ந்த பிறகே உதவ வேண்டும் என்பது அவர் கருத்து. இந்தியாவில் 1936இல் பம்பாயில் டாடா அறக்கட்டளையின் பொருளுதவியோடு முதல் சமூகப்பணிப் பள்ளி எழுந்தது. அந்த விளக்கின் சுடரைச் சென்னைக்குக் கொணர்ந்தவர் நம் அம்மையார்.

இப்பயிற்சி பெற்றவர் என்னதான் செய்கிறார்? ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனை செய்து பார்ப்போம். காசிமேட்டிலிருந்து ஓடிப்போன பத்து வயதுச் சிறுவன் ஒருவன் சென்ட்ரல் நிலையத்தில் பிடிபட்டு இல்லத்துக்கு வருகிறான். பழைய முறையில் அவனுக்குச் சோறும் சீருடையும் கிடைக்கும். ஓடிப்போனதற்கு ஏச்சும் கிடைக்கும். பயிற்சி பெற்ற ஊழியரோ முதல் நாள் கேள்வி கேட்பதில்லை. அவனுக்கு அச்சம் தெளியட்டும் என்று அருகில் இருக்கிறார். சொன்ன நேரத்தில் சாப்பாடு, சொன்ன நேரத்தில் உறக்கம், காலையில் அதே முகம் என்று நாட்கள் செல்கின்றன. பெரியவர்கள் சொன்னால் சொன்னபடி செய்வார்கள் என்ற நம்பிக்கை அவனுக்கு முதன்முதலாகப் பிறக்கிறது.

பிறகு அவர் அவன் வீட்டைத் தேடிப் போகிறார். தந்தை வேலையிழந்து குடிக்கு அடிமையாகியிருக்கலாம். தாய் விடியுமுன்னே மீன் ஏலத்துக்குப் போகிறவராக இருக்கலாம். யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாமல் அந்த வீட்டின் நிலையைக் குறித்துக்கொள்கிறார். பள்ளி ஆசிரியரைப் பார்க்கிறார். அத்தை, மாமன் எவரேனும் பொறுப்பேற்பாரா என்று விசாரிக்கிறார். பையனுக்குப் படிப்பில் நாட்டமா, கைத்தொழிலில் நாட்டமா என்று கவனிக்கிறார். வீட்டுக்கு அனுப்பும் நாள் வந்தால், அனுப்பியதோடு கடமை முடிந்தது என்று இருப்பதில்லை. சில மாதம் போய்ப் பார்த்துக்கொண்டே இருக்கிறார். இவையனைத்தும் ஒரு கோப்பில் பதிவாகின்றன. அவர் மாற்றலாகிப் போனாலும் அடுத்து வருபவர் அச்சிறுவனை முதலிலிருந்து வினவித் துன்புறுத்த வேண்டியதில்லை.

இதில் அற்புதம் ஏதுமில்லை என்று தோன்றலாம். உண்மைதான். மாற்றத்தைச் செய்பவன் அச்சிறுவனே. ஊழியர் அவன் காலூன்றி நிற்கத் தரை அமைக்கிறார். தரை நாள்தோறும் ஒரே இடத்தில் இருந்தால்தானே காலூன்ற முடியும்?

இக்கருத்தை அம்மையார் பல நிறுவனங்களில் நடைமுறைப்படுத்தினார். மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்காகக் கீழ்ப்பாக்கத்தில் அவர் தோற்றுவித்த பால விகார் அவற்றுள் தலையாயது. அத்தகைய குழந்தைகளை வீட்டின் பின்கட்டில் மறைத்துவைக்கும் வழக்கம் மிகுந்திருந்த காலம் அது. அவர்களாலும் கற்க முடியும், ஆனால் பொறுமையுள்ள, பயின்ற ஆசிரியர் வேண்டும் என்று அந்நிறுவனம் காட்டியது. ஆதரவற்ற சிறுவர் சிறுமியர்க்கான சேவா சமாஜ இல்லங்களும் கில்டின் நிழலில் வளர்ந்தன.

ஏளனமும் விடையும்

வசதி படைத்த பெண்கள் செய்யும் சமூக சேவையை நையாண்டி செய்வது என்றும் உள்ள வழக்கம். மாலை நேரத்துப் பொழுதுபோக்கு, பத்திரிகையில் படம் வருவதற்கான வழி என்றெல்லாம் பேசுவார்கள். அப்பேச்சில் ஓரளவு உண்மை உண்டென்பதை நான் மறுக்கவில்லை. எங்கள் ஞாயிற்றுக்கிழமைப் பயணமே அதற்குச் சான்று. ஆயினும் மேரி அம்மையாரின் வாழ்வு அந்த ஏளனத்துக்குத் தக்க விடையாக அமைந்தது. தாம் தலைமை தாங்கிய தன்னார்வத் தொண்டின் போதாமையைத் தாமே உணர்ந்து, சம்பளம் பெறும், கல்வி கற்ற, நாளையும் வேலைக்கு வரும் ஊழியர்களை உருவாக்கும் கூடத்தை அவர் அமைத்தார். தம்மை இன்றியமையாதவராக ஆக்கிக்கொள்வோர் உலகில் பலர். தாம் இல்லாவிட்டாலும் பணி நடக்குமாறு செய்வோர் மிகச் சிலரே. அச்சிலருள் ஒருவர் இவர்.

அவருக்குப் பெருமைகளும் வந்து சேர்ந்தன. 1955இல் பத்மஸ்ரீ, 1968இல் பத்மபூஷண், 1975இல் பத்மவிபூஷண் என மூன்று விருதுகளை நாடு வழங்கியது. 1956இல் சென்னை நகரின் ஷெரீப்பாக விளங்கினார். இராணுவ அதிகாரியாக இருந்த சந்திரகாந்த் ஜாதவைப் பின்னாளில் மணந்து கொண்டதால் ஜாதவ் என்பதும் அவர் பெயரோடு இணைந்தது. பத்மவிபூஷண் பெற்ற அந்த 1975ஆம் ஆண்டிலேயே அம்மையார் இயற்கை எய்தினார்.

அவர் மறைந்த பின்

அவர் விதைத்த கருத்தை இன்று சட்டமே ஏற்றுக்கொண்டுள்ளது. 1986இல் நாடு முழுமைக்கும் பொதுவான இளைஞர் நீதிச் சட்டம் வந்தது. 2000இலும் 2015இலும் அது புதிதாக இயற்றப்பட்டது. இன்று இல்லத்தில் சேரும் ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனிப் பராமரிப்புத் திட்டம் எழுதப்பட வேண்டும். பதினெட்டு வயது நிறைந்து வெளியேறுவோரைத் தெருவில் விட்டுவிடாமல், பின்காப்பு உதவி அளிக்கவும் வழி செய்யப்பட்டுள்ளது. இல்லத்துக் குழந்தையின் படத்தையோ பெயரையோ வெளியிடுவது குற்றம். அந்த ஞாயிறன்று நாங்கள் ஆவலோடு எடுத்த படங்களைக் காப்பாளர் அம்மா அழிக்கச் சொன்னதன் காரணம் எனக்கு இப்போதுதான் விளங்கியது. துன்பத்தில் உள்ள குழந்தைகளுக்கான 1098 என்ற தொலைபேசி எண்ணும் ஒரு சமூகப்பணிக் கல்விக்கூடத்தின் கொடையே. டாடா சமூக அறிவியல் நிறுவனத்தின் களப்பணியாக 1996இல் பம்பாயில் அது தொடங்கியது.

சட்டம் எழுதினால் மட்டும் எல்லாம் நடந்துவிடுமா என்று கேட்கலாம். நம் ராயபுரத்திலேயே அதற்கு ஒரு நினைவு உண்டு. 2020 ஜூன் மாதத்தில், இங்குள்ள அரசுக் குழந்தைகள் இல்லத்தில் 35 சிறுவர்களுக்குக் கொரோனா தொற்று கண்டது. ஊழியர் சிலரையும் அது விடவில்லை. உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து அதை விசாரித்தது. இல்லங்களின் வசதிகள், நெருக்கடி, அரசின் பொறுப்பு ஆகியவை பற்றி அன்று நாடெங்கும் பேசப்பட்டன. பேசப்படாதது ஒன்றுண்டு. ஊரடங்கின் அந்நாட்களில் எங்களைப் போன்ற ஞாயிற்றுக்கிழமை விருந்தினர் ஒருவரும் இல்லங்களுக்குள் போகவில்லை, போகவும் கூடாது. குழந்தைகள் விழித்தபோது கண்ட முகங்கள் ஊழியர்களின் முகங்களே. அவர்களின் பெயர் எந்தப் பத்திரிகையிலும் வரவில்லை. சம்பளம் குறைவு, இரவுப் பணி மிகுதி, சொந்தப் பிள்ளைகள் வீட்டில் காத்திருப்பார்கள். ஆயினும் ஒரு குழந்தையின் வாழ்வில் திருப்பம் நேர்கிறதென்றால், அது பெரும்பாலும் இத்தகையோர் அருகில் இருந்த ஏதோ ஒரு சாதாரண நாளில்தான் நேர்கிறது.

நண்பர்களே! பட்டம் பெற்றபின் என்ன செய்வது என்று தயங்கி நிற்போர் நம்மில் பலர். வரலாறு படித்தாலும் வணிகவியல் படித்தாலும் சமூகப்பணியில் முதுகலை பயிலலாம். இப்பகுதியின் தெருக்களும், சந்துகளும், துறைமுகக் கூலியின் வீட்டு நிலையும் நமக்கு ஏட்டில் படித்துத் தெரியவேண்டியவை அல்ல. நாம் பிறந்து வளர்ந்தவை. அந்த அறிவோடு பயிற்சியும் சேர்ந்தால் நம்மினும் சிறந்த ஊழியர் யார் இருக்க முடியும்? எல்லாரும் அத்தொழிலுக்குப் போகவேண்டும் என்பதில்லை. ஆனால் ஒரு குழந்தையிடம் வருகிறேன் என்று சொன்னால் வருவதும், வர இயலாதபோது முன்னதாகவே சொல்வதும் எல்லாராலும் இயலும்.

எங்களில் நால்வர், இல்லத்தின் அனுமதி பெற்று, இப்போது ஒன்றுவிட்டு ஒரு சனிக்கிழமை அங்கே கணக்குச் சொல்லிக்கொடுக்கச் செல்கிறோம். பிஸ்கட் கொண்டுபோவதில்லை. பருவத்தேர்வு வந்தபோது, எந்த வாரங்களில் வரமாட்டோம் என்பதைச் சுவரில் தொங்கும் நாட்காட்டியில் குறித்துக் கொடுத்தோம். அந்தச் சிறுவன் வகுத்தலில் இன்னும் தடுமாறுகிறான். ஆனால் அடுத்த முறை வருவோமா என்று இப்போது கேட்பதில்லை.